இறாத்தலும் கிலோவும்

கொட்டகலையின் மலைச் சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி நாளொன்றுக்கு மூன்று முறை தராசின் முன் வந்து நிற்கின்றாள். காலையில் ஒரு நிறுவை, நண்பகலில் ஒரு நிறுவை, மாலையில் ஒரு நிறுவை. மடுவத்தில் தொங்கும் விற்றராசின் கொக்கியில் அவளுடைய சாக்கு ஏறுகின்றது. முள் நடுங்கி நிற்கின்றது. கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்லிப் புத்தகத்தில் குறிக்கின்றார். அடுத்த சாக்கு கொக்கிக்கு வருகின்றது. சில வினாடிகளில் முடிந்துவிடும் இச்செயலிலேதான் அவளுடைய ஒரு நாள் உழைப்பின் மதிப்பு தீர்மானமாகின்றது. குறித்த அளவு நிறைந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். மிகுந்தால் மேலதிகக் கொழுந்துக்குத் தனிக் காசு.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் அலகு நிற்கின்றது. இன்று அது கிலோகிராம். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர் அது இறாத்தல். அதற்கும் முன்னர், கடல் கடந்து வந்த அவளுடைய பாட்டன் பாட்டியரின் மனத்தில் இருந்தவை பலமும் வீசையும். அலகு மாறும்போது கொழுந்தின் கனம் மாறுவதில்லை. ஆயினும் கணக்கு மாறுகின்றது. கணக்கு மாறும் இடத்திலே சிறு சிறு மிச்சங்கள் தோன்றுகின்றன. அந்த மிச்சம் யாரைச் சேர்கின்றது என்னும் வினாவே நிறுத்தலளவைகளின் வரலாற்றில் மக்கள் வாழ்வைத் தொடும் பகுதியாகும்.

தமிழ் நாட்டில் நிறுத்தலளவை மிகப் பழைமையானது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராச சோழன் அளித்த பொன்னை 'ஆடவல்லான்' என்று இறைவனின் பெயர் பூண்ட எடைக்கல்லால் நிறுத்ததாக அக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. எடைக்கல்லுக்குத் தெய்வத்தின் பெயரை இட்டமை, அந்தக் கல் எவருக்காகவும் கூடவோ குறையவோ கூடாது என்னும் எண்ணத்தைக் காட்டுவதாகும். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்பன பொன்னுக்கு உரியனவாக, பலம், வீசை, மணங்கு என்பன அன்றாடப் பண்டங்களுக்கு வழங்கின. நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. சென்னை மாகாணத்தில் வழங்கிய வீசை இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,400 கிராம். மணங்கு ஏறத்தாழ 11 கிலோ 200 கிராம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மன்னாரில் இறங்கியும், பின்னர் தலைமன்னார் வழியாகவும் மலைநாட்டுக்கு வந்த மக்கள், இந்த அளவைகளையே தம் நினைவிற் சுமந்து வந்தனர். வந்த இடத்தில் அவர்களை எதிர்கொண்டது வேறோர் அளவை.

இறாத்தல் என்னும் சொல்லின் வேர் அறபு மொழியின் 'ரத்ல்' என்பதாகும். போர்த்துக்கேய மொழியிலும் அவ்வேரிலிருந்து பிறந்த சொல்லே வழங்கியது. ஆனால் பிரித்தானியர் ஆட்சியில் அந்தப் பழஞ்சொல்லுக்குள் குடியேறிய பொருள், ஆங்கிலேயரின் பவுண்டு. 16 அவுன்சு ஓர் இறாத்தல். 28 இறாத்தல் ஒரு குவாட்டர். நான்கு குவாட்டர், அதாவது 112 இறாத்தல், ஓர் அந்தர். 20 அந்தர், அதாவது 2,240 இறாத்தல், ஒரு தொன். பிரித்தானியப் பேரரசெங்கும் ஒரே தரமான அளவைகள் வழங்க வேண்டுமென 1824இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. பத்தாண்டு கழித்து, 1834இல், அப்பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியபோது, அங்கே காப்பாக வைத்திருந்த நியம அளவைகளும் அழிந்தன. ஒரு பேரரசின் வாணிகம் முழுவதும் சார்ந்திருந்த உலோகத் துண்டு ஒரே இரவில் பாழ்பட்டது. பின்னர் அறிஞர் குழுவொன்று அமைத்துப் புதிய இறாத்தலை உருவாக்க வேண்டியதாயிற்று. இலங்கையிலே பிரித்தானிய அளவைகளைச் சட்டபூர்வமாக நிலைநிறுத்திய கட்டளைச் சட்டம் 1876ஆம் ஆண்டுக்கு உரியது.

அந்தக் காலம் மலைநாட்டின் தலையெழுத்து மாறிய காலமுமாகும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் இலண்டனுக்குச் சென்ற முதற் பொதியின் நிறை 23 இறாத்தல். இன்றைய கணக்கில் பத்தரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நடைபெற்றது. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. இடையிலுள்ள கொட்டகலையின் வாயிற் கதவு அதனோடு திறந்தது. தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அரிசி மூடைகள் ஏறின. தோட்டக் காரியாலயத்தின் பேரேட்டிலிருந்து இலண்டன் ஏலக் கூடத்தின் விலைப்பட்டி வரையில் எல்லாம் இறாத்தற் கணக்கே.

இங்கு ஒரு வேறுபாட்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். தோட்டத்துக்குத் தொழிலாளி கொடுத்த கொழுந்து நிறையால் அளக்கப்பட்டது. தோட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த அரிசியோ கொள்ளளவால் அளக்கப்பட்டது. 32 கொத்து ஒரு புசல். ஒரு கொத்து அரிசி நிறுத்தால் ஏறத்தாழ இரண்டு இறாத்தல். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டபோது, அரிசியும் புசலுக்கு இன்ன விலை என்றே கணக்கிடப்பட்டது. கொள்ளளவில் தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. குலுக்கி அளப்பதற்கும் குலுக்காமல் அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. கொடுப்பதை ஒரு வகையிலும் பெறுவதை இன்னொரு வகையிலும் அளக்கும்போது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எழுத்தறியாத குடும்பத்துக்கு எளிதன்று.

ஆயினும் இறாத்தல் மக்கள் மனத்தில் விரைவிலே வேரூன்றியது. அதற்கொரு காரணம் உண்டு. தமிழர் பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வாயிலாகக் கற்ற பின்னங்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்பன. ஒன்றைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி, மீண்டும் மீண்டும் பாதியாக்கினால் நான்காம் முறையில் மாகாணி வருகின்றது. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. ஓர் இறாத்தலில் ஓர் அவுன்சு எவ்வளவு? அதுவும் பதினாறில் ஒன்றே. ஆங்கிலேயரின் அவுன்சு தமிழரின் மாகாணிக்குள் தானாக அமர்ந்துவிட்டது. அரை இறாத்தல், கால் இறாத்தல், அரைக்கால் இறாத்தல் என்று பள்ளிக்கூடம் காணாத பாட்டியும் பிழையின்றிக் கணக்கிட்டாள். இந்தப் பொருத்தத்தை நினைவில் வைத்தாலன்றிப் பிற்காலத்தில் கிலோ வந்தபோது ஏற்பட்ட திகைப்பை விளங்கிக்கொள்ள இயலாது.

கிலோவின் பிறப்பிடம் பிரான்சு. அந்நாட்டில் புரட்சிக்கு முன்னர் ஊருக்கு ஊர், பிரபுவுக்குப் பிரபு அளவைகள் வேறுபட்டன. குத்தகைத் தானியத்தை வாங்குவதற்கு ஒரு மரக்காலும் விற்பதற்கு இன்னொரு மரக்காலும் வைத்திருந்தார்கள் என்பது குடியானவரின் நெடுநாள் முறைப்பாடுகளில் ஒன்று. ஆகையால், எந்தப் பிரபுவுக்கும் உரியதாகாமல் இயற்கையிலிருந்தே எடுத்த அளவையொன்று வேண்டுமெனப் புரட்சிக்காலத்து அறிஞர்கள் முனைந்தனர். பத்துச் சதமமீற்றர்ப் பக்கமுள்ள ஒரு கனச்சதுரத்தில் அடங்கும் நீரின் நிறையே கிலோகிராம் ஆயிற்று. 1799இல் அதற்கொரு பிளாற்றின உருளை செய்து வைத்தனர். 1875ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பாரிசில் பதினேழு நாடுகள் கூடி மீற்றர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. 1889இல் பிளாற்றினமும் இரிடியமும் கலந்த உருளையொன்று உலகத்தின் கிலோவாக ஏற்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு அதே மே 20ஆம் நாள் முதல் அந்த உருளைக்கும் ஓய்வு கிடைத்தது. இன்று கிலோகிராம், பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணொன்றினால் வரையறுக்கப்படுகின்றது. தீயாலும் திருட்டாலும் அதற்குக் கேடில்லை.

இவ்விடத்தில் பலரும் அறியாத உண்மையொன்று உண்டு. இறாத்தலுக்கு இன்று தனியான உருளை கிடையாது. 1959இல் ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அளவை நிலையங்கள் ஒன்றுகூடி, ஓர் இறாத்தல் என்பது 0.45359237 கிலோகிராம் என்று முடிவு செய்தன. அதாவது, இறாத்தலின் பொருளையே கிலோவைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். கடையில் இறாத்தல் கேட்பவரும் தம்மை அறியாமல் கிலோவின் ஒரு பங்கையே கேட்கின்றார்.

இந்தியா 1956இல் நிறுத்தலளவைச் சட்டம் இயற்றி, 1958 முதல் படிப்படியாக மெற்றிக் முறைக்கு மாறியது. தமிழ் நாட்டில் வீசையும் பலமும் அவ்வாறு விடைபெற்றன. இலங்கையிலே 1974ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சர்வதேச அலகு முறையைக் கொணர்ந்தது. இன்று நடைமுறையிலுள்ளது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அதனை நிறைவேற்றும் பொறுப்பு அளவீட்டலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துக்கு உரியது.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு 1970கள் எத்தகைய ஆண்டுகள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1973, 1974 ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு லயங்களை வாட்டியது. பட்டினியால் மாண்டவரும் உண்டு. 1964ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி குடும்பம் குடும்பமாக மக்கள் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தனர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேதான். ஆகவே, அலகு மாறிய காலத்தில், மாற்றத்தை விளக்க வேண்டிய பாடசாலை பல தோட்டங்களில் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. துரை மாறினார், நிருவாகம் மாறியது, அயல் வீட்டார் கப்பலேறினர், அரிசிப் பங்கீடு குறைந்தது. இவற்றினிடையே இறாத்தலும் மாறியது. மாகாணிக்கும் அரைக்காலுக்கும் பழகியவர்கள் தசமப் புள்ளியைப் பயில வேண்டியவர்களாயினர்.

மாற்றும் கணக்கு உண்மையில் கடினமானதன்று. இறாத்தலைக் கிலோவாக்குவதற்கு, எண்ணைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 40 இறாத்தலைப் பாதியாக்கினால் 20. அதிற் பத்திலொன்றாகிய 2ஐக் கழித்தால் 18. சரியான விடை 18.14 கிலோ. கிலோவை இறாத்தலாக்குவதற்கு, எண்ணை இரட்டித்து, அதில் பத்திலொன்றைக் கூட்ட வேண்டும். 18 கிலோவை இரட்டித்தால் 36, அதனோடு 3.6 கூட்டினால் 39.6. சரியான விடை 39.68 இறாத்தல். முதல் முறையிலுள்ள பிழை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. இரண்டாம் முறையிலுள்ள பிழை அதிலும் சிறிது. ஓர் அவுன்சு ஏறத்தாழ 28.35 கிராம், ஓர் அந்தர் 50.8 கிலோ, பழைய தொன் 1,016 கிலோ. மெற்றிக் தொன் 1,000 கிலோவாதலால், பழைய தொன்னைவிட அது 16 கிலோ இலேசானது.

கூடையைத் தூக்கிப் பார்த்து மதிப்பிடுவதற்கு இவ்வளவு போதும். கூலிக் கணக்குக்குப் போதாது. எடுத்துக்காட்டாக, ஒரு மலையில் நாளொன்றுக்கு 35 இறாத்தல் என்று அளவு வைத்திருந்ததாகக் கொள்வோம். சரியாக மாற்றினால் அது 15.88 கிலோ. எவரும் அவ்வாறு எழுதி வைக்கமாட்டார். 16 கிலோ என்றே முழு எண்ணாக்குவர். அதனால் நாளொன்றுக்கு 124 கிராம் கொழுந்து கூடுதலாகப் பறிக்க வேண்டியதாகின்றது. ஒரு கைப்பிடிதானே என்று தோன்றும். மாதத்தில் 25 நாள் வேலையாயின் அது மூன்று கிலோவைத் தாண்டும். மாறாக, அளவு 40 இறாத்தலாயிருந்து 18 கிலோவாக மாறினால், நாளொன்றுக்கு 144 கிராம் தொழிலாளிக்கு இலாபம். ஆகவே முழு எண்ணாக்குவது தன்னளவில் அநீதியுமன்று, நீதியுமன்று. எந்தப் பக்கம் சாய்கின்றது என்பதைப் பார்த்தறிய வேண்டும்.

மேலதிகக் கொழுந்துக்குரிய காசிலும் இதே கணக்கு உண்டு. இறாத்தலுக்குப் பத்துச் சதமாயின் கிலோவுக்கு 22 சதத்துக்குச் சற்று மேலாக இருத்தல் வேண்டும். கிலோ என்பது ஏறத்தாழ இரண்டு இறாத்தல்தானே என்று எவரேனும் 20 சதம் வைத்தால், உழைத்தவர் பெற வேண்டியதில் பதினொன்றில் ஒரு பங்கு மறைந்துவிடும். 'ஏறத்தாழ' என்னும் சிறு சொல் அத்தனை விலையுடையது.

இவற்றையெல்லாம்விடப் பெரியதொன்று தராசின் முகத்திலேயே ஒளிந்திருக்கின்றது. முள் இரண்டு கோடுகளுக்கு இடையில் நின்றால் என்ன செய்வது? பின்னத்தைக் கைவிட்டு முழு எண்ணை மாத்திரம் எழுதும் வழக்கம் ஓரிடத்தில் உண்டென்று வைத்துக்கொள்வோம். இறாத்தல் காலத்தில் அவ்வாறு கைவிடப்படுவது ஒரு சமயம் ஒன்றுமில்லாமலும், ஒரு சமயம் முழு இறாத்தலுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். சராசரியாக அரை இறாத்தல், அதாவது 227 கிராம். கிலோத் தராசில் அதே வழக்கம் தொடர்ந்தால், சராசரியாகக் கைவிடப்படுவது அரைக் கிலோ, அதாவது 500 கிராம். நாளுக்கு மூன்று நிறுவை. இறாத்தற் கணக்கில் இழப்பு 680 கிராம். கிலோக் கணக்கில் ஒன்றரைக் கிலோ. வேறுபாடு 820 கிராம். 25 நாளில் அது இருபது கிலோவுக்கு மேல்.

இருபது கிலோ என்பது பல மலைகளில் ஒரு பெண்ணின் முழுநாட் கொழுந்து. எவரும் கூலியைக் குறைக்கவில்லை. எவரும் கல்லைத் திருத்தவில்லை. தராசும் பொய் சொல்லவில்லை. பழைய வழக்கத்தைப் பெரிய அலகோடு சேர்த்தமை ஒன்றினாலேயே மாதத்தில் ஒரு நாளுழைப்பு கணக்கிலிருந்து மறைந்துபோக முடியும். பரிகாரமும் எளிதே. அருகிலுள்ள எண்ணுக்குக் கூட்டியோ குறைத்தோ எழுதினால் இழப்பும் இலாபமும் நாளடைவில் ஒன்றையொன்று ஈடு செய்யும். அல்லது மூன்று நிறுவைகளையும் நூறு கிராம் வரையில் எழுதி, மாலையில் ஒருமுறை கூட்டிக்கொள்ளலாம். தசமப் புள்ளியைக் காட்டும் இலத்திரனியல் தராசுகள் இன்று உள்ளன. அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் எண்ணையும் புத்தகத்தில் ஏற்றுவது மனிதரின் வேலை.

சாக்கின் நிறைக்கும் இலையிலுள்ள ஈரத்துக்குமாகக் கழிக்கும் கழிவும் இவ்வாறே ஆராயத்தக்கது. வெற்றுச் சாக்கைத் தராசில் தொங்கவிட்டால் அதன் நிறை தெரிந்துவிடும், ஊகிக்க வேண்டியதில்லை. மழைநாளின் ஈரத்தை அளப்பது அத்துணை எளிதன்று. அதனாலேயே கொழுந்துக் கழிவு மலையகத் தொழிற்சங்க மேடைகளில் நெடுங்காலமாகப் பேசப்படும் முறைப்பாடாக இருந்து வருகின்றது. ஒரு நிறுவைக்கு ஓர் இறாத்தல் என்றிருந்த கழிவு, அலகு மாறியபின் 'ஒன்று' என்னும் எண்ணை மாத்திரம் வைத்துக்கொண்டு ஒரு கிலோவாகுமாயின், அது இரு மடங்குக்கு மேலாகிவிட்டது என்பதை உணர்வதற்குப் பெருங்கல்வி வேண்டியதில்லை. ஒரு கிலோவில் இரண்டு இறாத்தலுக்கு மேலுண்டு என்று அறிந்தாற் போதும்.

இறாத்தலையும் கிலோவையும் மயங்கினால் விளையும் கேடு தோட்டங்களோடு நின்றுவிடுவதன்று. கனடா மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த 1983ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள், மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் நோக்கிப் பறந்த எயார் கனடா விமானமொன்று, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் முற்றாகத் தீர்ந்து இயந்திரங்கள் நின்ற நிலைக்கு வந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ எரிபொருள். இலீற்றரை நிறையாக மாற்றும்போது 0.8 என்னும் கிலோக் கணக்குக்குப் பதிலாக 1.77 என்னும் இறாத்தற் கணக்கைப் பயன்படுத்தினர். விளைவாக விமானத்தில் இருந்தது 22,300 இறாத்தல். வேண்டியதன் பாதியிலும் குறைவு. அதில் இருந்தவர் 69 பேர். விமானி இயந்திரமற்ற நிலையிலேயே விமானத்தை மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை. கற்றுத் தேர்ந்த பொறியியலாளரும் விமானிகளும் கூடியிருந்து செய்த கணக்கிலே இவ்வளவு பிழை நேருமாயின், மழையில் நனைந்து நிற்கும் தொழிலாளி மயங்குவதில் வியப்பில்லை.

பழைய ஏடுகளைப் படிப்போருக்கும் இந்த அறிவு இன்றியமையாதது. 1965ஆம் ஆண்டில் இலங்கை உற்பத்தி செய்த தேயிலை ஏறத்தாழ 50 கோடி இறாத்தல். அவ்வாண்டிலேதான் உலகில் மிக அதிகமாகத் தேயிலை ஏற்றுமதி செய்த நாடாக இலங்கை முதன்முதலில் விளங்கியது. 2023ஆம் ஆண்டின் உற்பத்தி ஏறத்தாழ 25 கோடி 60 இலட்சம் கிலோ. அலகைப் பாராமல் எண்களை மாத்திரம் ஒப்பிடும் மாணவன், உற்பத்தி பாதியாகிவிட்டது என்று எழுதிவிடுவான். 50 கோடி இறாத்தல் என்பது 22 கோடி 70 இலட்சம் கிலோ அளவே. உண்மையில் உற்பத்தி கூடியே இருக்கின்றது. எண்ணுக்கு உயிர் அதன் அலகு.

அலகு எதுவாயினும் மாறாத கணக்குகளும் சில உண்டு. தொழிற்சாலையிலே ஒரு பங்கு தேயிலைத்தூள் செய்வதற்கு ஏறத்தாழ நாலரைப் பங்கு பச்சைக் கொழுந்து வேண்டும். நாலரை இறாத்தலுக்கு ஓர் இறாத்தல். நாலரைக் கிலோவுக்கு ஒரு கிலோ. விகிதத்துக்கு அலகில்லை. 1873இல் இலண்டன் சென்ற அந்த 23 இறாத்தல் தூளுக்கு நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட கொழுந்தைக் கைகள் கிள்ளியிருக்க வேண்டும் என்று இன்றும் கணக்கிடலாம்.

சட்டப் புத்தகத்திலிருந்து இறாத்தல் நீங்கினாலும் வாய்மொழியிலிருந்து நீங்கவில்லை. கொட்டகலைக் கடைவீதியில் இன்றும் 'ஒரு இறாத்தல் பாண்', 'அரை இறாத்தல் பாண்' என்று கேட்பவர் உண்டு. முழுப் பாணின் நியம நிறை 450 கிராம் என்றும் அரைப் பாணின் நிறை 225 கிராம் என்றும் 2024இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வலியுறுத்தியது. சரியான இறாத்தல் 453.6 கிராம். பழைய பெயருக்கும் புதிய நிறைக்கும் இடையிலுள்ள மூன்றரைக் கிராம் ஒரு கடி பாணுக்கும் குறைவு. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 400 கிராமாகச் சுருங்கிய பாணையும் 'இறாத்தல்' என்றே பெயர் சொல்லி விற்றால் அதைப் பொருட்படுத்த வேண்டும். பெயர் பழையதாகவே இருக்கப் பொருள் குறைவது, வாங்குபவர் எளிதிற் காணாத குறை.

வள்ளுவர் நடுவுநிலைமையைப் பேசும்போது துலாக்கோலையே சான்றோர்க்கு உவமையாக எடுத்துக்கொண்டார். துலாக்கோல் இரு தட்டையும் எல்லோரும் காணத் தூக்கி நிற்பது. அதன் நேர்மையைப் பார்த்தே அறியலாம். விற்றராசோ எண்ணைக் காட்டுவது. அதன் நேர்மையை அறிவதற்கு எண்ணைப் படிக்க வேண்டும், அலகை அறிய வேண்டும், பின்னத்தைக் கேட்க வேண்டும். கொட்டகலையின் லயங்களிலிருந்து இன்று பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் கிராமையும் கிலோவையும் தசமத்தையும் கற்றுக்கொள்கின்றனர். அவர்களுடைய பாட்டிமாருக்கு மாகாணியும் அரைக்காலும் தெரியும். மாலையில் தாய் கொண்டுவரும் கொழுந்துத் துண்டை எடுத்து, மூன்று நிறுவைகளையும் கூட்டி, கழிவைக் கழித்து, வந்த விடையைப் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, பள்ளிக்கூடத்துக் கணக்கையே வீட்டிலும் செய்கின்றது. விடை பொருந்தினால் நன்று. பொருந்தாவிடில், எத்தனை கிராம் வேறுபாடு என்று மறுநாட் காலை மடுவத்தில் அமைதியாகச் சொல்லும் துணிவு அந்தத் தாய்க்கு உண்டாகும்.